உணர்ச்சிக்காகக் காத்திராதே, எழுந்து ஜெபி!

“ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. வேதத்தைத் திறந்தால் கண் வரிகளைக் கடக்கிறது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. எனக்குள் கேட்கிற குரல் ஆண்டவருடையதா, என் ஆசையா என்று பிரிக்கத் தெரியவில்லை. விசுவாசமே போய்விட்டது போலிருக்கிறது.”

ஊரைவிட்டு வந்த நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். சென்னை மெயிலில் ஹவுராவில் வந்து இறங்கி, சால்ட் லேக் பக்கம் ஓர் அறையை நாலு பேரோடு பகிர்ந்துகொண்டு, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் படுக்கிற பிள்ளைகள். ஊரில் அம்மா எழுப்பினாள், குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். ஆலய மணி அடித்தது, கிளம்பினார்கள். இங்கே எழுப்ப ஆளில்லை. உடனே ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: நான் விசுவாசத்தில் தோற்றுவிட்டேன்.

தம்பி, தங்கை, உனக்குத்தான் சொல்கிறேன். நீ தோற்கவில்லை! உன்னைவிட்டுப் போனது உணர்ச்சி. விசுவாசம் இன்னும் தொடங்கவே இல்லை, இனிமேல்தான் தொடங்கப்போகிறது. அம்மா எழுப்பி ஜெபித்தது அம்மாவின் விசுவாசம். எழுப்ப ஆளில்லாத அறையில், ஜெபிக்கவே தோன்றாத காலையில், நீயாக எழுந்து முழங்காலிடுகிறாயே, அதுதான் உன் விசுவாசம். அது ஒரு நாள் கடைப்பிடிப்பில் ஒரு விரலளவு வளரும். உணர்ச்சி வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருப்பவனுக்கு அந்த விரலளவும் கிடைக்காது.

இதை நிரூபிக்க நான் ரோமாபுரிக்கும் எருசலேமுக்கும் போக வேண்டியதில்லை. நீ நிற்கிற இந்தக் கொல்கத்தாவே சாட்சி. இந்த ஊரிலும் இதன் அருகிலும் தடம் பதித்த, விசுவாசத்தைக் கடைப்பிடித்துக் காட்டிய மூவரைச் சொல்கிறேன். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் பாப்டிஸ்ட், ஒருவர் ஆங்கிலிக்கன். முழங்காலுக்குச் சபைப் பிரிவு தெரியாது.

இருட்டிலும் ஜெபித்தவர்

அன்னை தெரேசாவின் படத்தை உன் பாட்டி வீட்டுச் சுவரிலேயே பார்த்திருப்பாய். அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தையும் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையையும் பார்த்து நீ என்ன நினைத்தாய்? ‘இவருக்கென்ன, கண்ணை மூடினால் கடவுள் தெரிவார். நமக்கு அப்படியா?’ என்றுதானே?

அந்த நினைப்பை இன்றே தூக்கி எறி!

அவர் 1929-ல் கல்கத்தாவுக்கு வந்த லொரேட்டோ சபைச் சகோதரி. எண்டாலியில் இருக்கும் புனித மரியாள் பள்ளியில் ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார், பிறகு தலைமையாசிரியராகவும் ஆனார். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜீலிங் போகும் ரயிலில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏழைகளிலும் ஏழைகளோடு போய் வாழ் என்ற அழைப்பைப் பெற்றார். அந்த மாதங்களில் ஆண்டவர் மிக நெருக்கமாக இருப்பதை உணர்ந்தார். அழைப்பை ஏற்றுச் சேரிக்குள் இறங்கினாரே, அப்போது என்ன நடந்தது தெரியுமா? அந்த நெருக்கம் மறைந்துபோனது. ஜெபித்தால் பதில் இல்லை. உள்ளே வெறுமை. ஒரு வாரம், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிற வெறுமை அது என்று நினைத்துவிடாதே. 1958-ல் சிறிது காலம் விலகியது தவிர, 1997-ல் இறக்கும்வரை அந்த இருள் அவரை விடவில்லை. தம் ஆன்ம வழிகாட்டிகளான குருக்களுக்கு மட்டும் அதைக் கடிதங்களில் எழுதினார். அவர் இறந்து 10 ஆண்டுகள் கழித்து, 2007-ல் அந்தக் கடிதங்கள் நூலாக வந்தபோது உலகமே திகைத்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பார். மரணப்படுக்கையில் கிடந்தவர்களுக்காகக் காளிகாட்டில் நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் திறந்தது 1952-ல். நோபல் பரிசு 1979-ல். வீதியில் கிடந்தவர்களைத் தூக்கியது, புழு நெளிந்த புண்ணைக் கழுவியது, தாம் தொடங்கிய சபையை நாடு நாடாகக் கொண்டுபோனது, எல்லாம் அந்த இருட்டுக்குள் நடந்தவை! உணர்ச்சி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் ஒரு குழந்தையையும் தூக்கியிருக்க மாட்டார். அவர் உட்காரவில்லை. ஜெபத்தைக் கைவிடவும் இல்லை. ஏ.ஜே.சி. போஸ் சாலையில் இருக்கும் அன்னை இல்லத்தில் விடியுமுன் எழுந்து, தரையில் உட்கார்ந்து, மற்றச் சகோதரிகளோடு தாமும் ஜெபித்தார்.

இன்னொன்றையும் கவனி. வேலை மலைபோல் பெருகியபோது நீயும் நானும் எதைக் குறைப்போம்? முதலில் ஜெபத்தைத்தான். அவர்கள் என்ன செய்தார்கள்? 1973-ல், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர ஆராதனையைத் தினசரி ஒழுங்காகவே சேர்த்துக்கொண்டார்கள். வேலை கூடியது, ஜெபமும் கூடியது. நேரமில்லை என்கிற என்னையும் உன்னையும் அந்த ஒரு மணி நேரம் கேள்வி கேட்கட்டும்.

கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். புது வார்த்தை இல்லை. கேட்ட பாத்திரம் நீங்கவும் இல்லை. நண்பர்கள் தூங்கிவிட்டார்கள். ஆனாலும் ஜெபித்தார், எழுந்தார், நடந்தார். தேவகுமாரனே அப்படி ஜெபித்திருக்க, வறண்ட ஜெபத்தை ‘ஜெபமே இல்லை’ என்று தள்ள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வறட்சியில் செய்த ஜெபம்தான் உன்னை ஆண்டவருக்கு உண்மையுள்ளவன் என்று காட்டுகிறது. இனிக்கிறபோது யாரும் உட்காருவார்கள்!

எரிந்த தாள்களை மறுபடி எழுதியவர்

ஹவுராவில் உள்ளூர் ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் செராம்பூர். வங்காளிகள் ஸ்ரீராம்பூர் என்பார்கள். நம் தரங்கம்பாடியைப் போலவே அன்று டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஹூக்ளி நதிக்கரை ஊர். 1800 ஜனவரியில் வில்லியம் கேரி அங்கே வந்து சேர்ந்தார்.

கேரி யார்? இங்கிலாந்தில் செருப்புத் தைத்த தொழிலாளி. பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். 1793 நவம்பரில் கல்கத்தாவில் கால் வைத்தார். பிழைப்புக்கு மால்டா பக்கம் முட்னாபாட்டியில் நீலச்சாயத் தொழிற்சாலையை நடத்தினார். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டரை அங்கே அடக்கம் செய்தார். மனைவி டோரதிக்கு மனம் பேதலித்தது. 1807-ல் இறக்கும்வரை தேறவில்லை. ஏழு ஆண்டுகள் பிரசங்கித்தும் ஒரு வங்காளியும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. 1800 டிசம்பர் 28 அன்றுதான் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளியில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார். ஏழு ஆண்டு வெறுங்கை! நீ எத்தனை வாரத்தில் சோர்ந்துபோனாய்?

அந்த மனிதரைத் தாங்கியது எது? 1806-ல் தம் ஒரு நாளை அவரே ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறார். எபிரேய வேதத்தில் ஓர் அதிகாரம். ஏழு மணிவரை தனிஜெபம். ஏழுக்கு வீட்டு வேலைக்காரர்களோடு வங்காளத்தில் குடும்ப ஜெபம். அதற்குப் பிறகுதான் பாரசீகப் பாடம், மொழிபெயர்ப்பு, ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வகுப்பு என்று நாள் முழுக்க உழைப்பு. வேதத்தையே தொழிலாகக் கொண்டு, பகலெல்லாம் மொழிபெயர்த்தவர் அவர். ‘நாள் பூராவும் வேதத்தோடுதானே இருக்கிறேன்’ என்று காலை வாசிப்பை விட்டுவிட அவருக்குச் சாக்கு இருந்தது. விடவில்லை. மற்றவர்களுக்காகப் பகலில் மொழிபெயர்க்கும் வசனத்தைவிட, விடியலில் தமக்காக வாசித்த வசனம் அவருக்கு முந்தியது.

1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு வந்தது. 1809-க்குள் வேதாகமம் முழுவதும் வந்தது. பிறகு வந்தது 1812 மார்ச் 11. அந்த வேதாகமங்களை அச்சிட்ட செராம்பூர் அச்சகம் பற்றி எரிந்தது. பல மொழிகளின் அச்செழுத்துகள் உருகின. காகிதக் கட்டுகள் சாம்பலாயின. வருடக்கணக்கில் சேர்த்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி, இலக்கணங்கள், மொழிபெயர்ப்புத் தாள்கள், எல்லாம் போயின. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். உடன் ஊழியர் மார்ஷ்மன் வந்துதான் செய்தி சொன்னார்.

கேரி என்ன செய்தார்? அழுதார். பிறகு திரும்பிப் போய், எரிந்த தாள்களை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்! எழுத்து வார்க்கும் எஃகு முத்திரைகள் தப்பியிருந்தன. உருகிய உலோகத்தை எடுத்து எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். சில மாதங்களுக்குள் அச்சகம் மீண்டும் ஓடியது. செராம்பூர் அச்சகம் முழுதாகவோ பகுதியாகவோ ஏறக்குறைய 40 மொழிகளில் வேதத்தை உலகுக்குக் கொடுத்தது.

இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கு ஒருமுறை புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, மீதி 364 நாள் வேதத்தைத் தொடாமல் இருந்தால் வருமா? காலையில் செல்போனில் வந்து விழுகிற ஒரு வசனத்தை நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டு, ‘இன்று வேதம் வாசித்தாயிற்று’ என்றால் வருமா? வராது! அட்டையில் வருவது உனக்குப் பிடித்த வசனம். அதிகாரம் அதிகாரமாக வாசிக்கும்போது உனக்குப் பிடிக்காத வசனமும் வரும். உன்னைக் கடிந்துகொள்கிற வசனம், நீ மன்னிக்க மறுக்கிறவன் முகத்தைக் காட்டுகிற வசனம், உன் சம்பளத்தையும் சாதியையும் கேள்வி கேட்கிற வசனம், எல்லாம் வரும். அவைதான் உன்னை வளர்க்கும். நாற்று நட்டவன் தினமும் பிடுங்கிப் பார்க்கமாட்டான். தண்ணீர் விடுவான், களை எடுப்பான், பயிர் தன் வேளையில் கதிர் விடும். வேதவாசிப்பும் அப்படியே. இன்று வாசித்தது இன்று பயன்பட்டதா என்று பார்க்காதே. வாசித்துக்கொண்டே போ.

அழைப்பையும் சோதித்தவர்கள்

ஜெபித்தாய், வாசித்தாய். இனி மூன்றாவது, பெரும்பாலோர் தவறவிடுவது: சோதித்தறிதல். உனக்குள் எழுகிற எண்ணம் ஆண்டவரிடமிருந்து வந்ததா, உன் அகங்காரத்திலிருந்தா, பயத்திலிருந்தா என்று பிரித்தறிகிற ஞானம்.

சாத்தானும் வசனம் சொன்னான் என்பதை மறந்துவிடாதே. வனாந்தரத்தில் இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திச் சங்கீதத்தைத்தான் காட்டினான். அதனால் ஒருவர் வசனம் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தலையாட்டாதே! ‘கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், காணிக்கை அனுப்பினால் மூன்று மாதத்தில் வேலை’ என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறவரிடம் உன் வாழ்க்கையை ஒப்படைக்காதே. பவுல் பிரசங்கித்ததைக்கூட பெரேயா ஊர்க்காரர்கள் தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களைத் திட்டினார்களா? நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் புத்தகம் பாராட்டுகிறது. கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று உனக்கு யாராவது சொல்லியிருந்தால், அதையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்!

மறுபடி அன்னை தெரேசாவிடம் வா. ரயிலில் அழைப்பு கேட்டாரே, இறங்கியதும் சேலையை மாற்றிக்கொண்டு சேரிக்குப் போனாரா? இல்லை. ஆன்ம வழிகாட்டியான பெல்ஜியக் குரு செலஸ்ட் வான் எக்ஸெமிடம் சொன்னார். ‘பொறுங்கள், ஜெபியுங்கள்’ என்றார் அவர். பிறகு பேராயர் பெர்டினாண்ட் பெரியெர் முன் வைத்தார்கள். பேராயரும் அவசரப்படவில்லை. எதற்காக, யாரோடு, எப்படி, இது உன் சொந்த ஆசை இல்லையா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அவர் சம்மதிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ரோமின் அனுமதி 1948 ஆகஸ்டில் கைக்கு வந்தது. ஆகஸ்ட் 17 அன்று லொரேட்டோ வாசலைத் தாண்டினார். அதன் பின்னும் நேரே சேரிக்குப் போகவில்லை. பாட்னாவுக்குப் போய் மருத்துவப் பணிச் சகோதரிகளிடம் நோயாளிகளைக் கவனிக்கக் கற்றுக்கொண்டார். டிசம்பரில்தான் மோத்திஜீல் சேரியில் குழந்தைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1950 அக்டோபர் 7-ல் அவர் தொடங்கிய சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது.

ஆண்டவரிடமிருந்து வந்தது இரண்டு வருடக் கேள்விகளைத் தாங்கும். தாங்காதது அவரிடமிருந்து வந்ததில்லை. உனக்குக் கிடைத்ததாக நீ நினைக்கிற வெளிச்சத்தைப் பெரியவர் ஒருவர் முன் வைக்கப் பயப்படுகிறாயா? அந்தப் பயமே உனக்கு முதல் எச்சரிக்கை.

சோதித்தறிந்தபின் தயங்கவும் கூடாது. அதற்கு நம்மவர் ஒருவரே சாட்சி. வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்க ஊழியராக 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நம் திருநெல்வேலிச் சபை இத்தனை வருடமாக யாரை அனுப்பியது என்ற கேள்வி அவரைக் குத்தியது. அடுத்த வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905-ல், கிறிஸ்துமஸ் அன்று, செராம்பூரில் கேரியின் நூலகத்தில் பல மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் செயலாளர் அசரியா.

ஊர் ஊராகப் போய், ‘வாலிபரே, போங்கள்’ என்று பேசினார். பேசப்பேச ஒரு கேள்வி அவரைத் திரும்பிப் பார்த்தது: போ என்கிற நீ ஏன் போகவில்லை? பதவியை விட்டார். 1909-ல் நிஜாம் சீமையில் இருக்கும் டோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு கற்றார். சாதியால் மிதிக்கப்பட்ட மக்களிடையே வாழ்ந்தார். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் இவரைப் பேராயராக்க முன்வந்தபோது வெள்ளைக்காரர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு, நம்மவர்களிலும் உண்டு. எதிர்ப்பு அவரை அசைக்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று இதே கல்கத்தாவில், புனித பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர்மேல் கைகள் வைக்கப்பட்டன. விக்டோரியா நினைவு மண்டபம் பார்க்கப் போகிறாயே, பக்கத்திலேயே இருக்கிறது அந்தப் பேராலயம். உள்ளே போய் நில். தமிழ் பேசிய ஒரு நாட்டுப்புறத்துப் பையன் முழங்காலிட்ட தரை அது!

நாளைக் காலை உன் வேலை

இப்போது உன்னிடம் வருகிறேன். உன்னால் முடியும் என்று சொல்கிறேன். உன் திறமையைக் கணக்கெடுத்து அப்படிச் சொல்லவில்லை. உன்னை அழைத்தவர் உண்மையுள்ளவர் என்பதால் சொல்கிறேன். கிறிஸ்தவனின் தன்னம்பிக்கைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அவர் உன்னை நம்பி ஒரு வாழ்க்கையை ஒப்படைத்திருக்கிறார். உன்னை நீயே மட்டம்தட்டுவது அவருடைய தேர்வை மட்டம்தட்டுவது!

ஒரு நேரத்தைக் குறி. ராத்திரி ஷிஃப்ட் என்றால் மாலை நாலு மணியும் உனக்கு விடியல்தான். கால் மணி போதும், ஆனால் அந்தக் கால் மணியை யாருக்கும் விற்காதே. வார்த்தை வராவிட்டால் கர்த்தருடைய ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல். அதுவும் வராவிட்டால் பேசாமல் முழங்காலில் இரு. நீ வந்திருக்கிறாய் என்பதை அவர் அறிவார்.

மாற்கு சுவிசேஷத்தை எடு. 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. வாசித்து முடித்ததும் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுது: இன்று இது என்னிடம் என்ன கேட்கிறது? பெரிய விளக்கம் வேண்டாம். கேட்டதைச் செய். மன்னிப்புக் கேள் என்றால் போனை எடு. கொடு என்றால் பையைத் திற.

வேலை மாறுவதா, திருமணமா, ஊழியமா, எந்தத் தீர்மானமானாலும் நான்கு கேள்விகளில் நிறுத்து. வேதத்தின் முழு ஓட்டத்தோடு ஒத்துப்போகிறதா? மாதங்கள் ஜெபத்தில் வைத்தாலும் நிற்கிறதா? உன்னை நேசிக்கிற, உனக்குத் தலையாட்டாத ஒருவர் கேட்டும் நிற்கிறதா? உன்னைப் பெரியவனாக்குகிறதா, எளியவனுக்கு உன்னை அருகாக்குகிறதா? நான்கும் தாண்டினால் போ. அப்புறம் யார் சிரித்தாலும் திரும்பாதே!

தவறிவிட்டால்? தவறுவாய். ஒரு வாரமே விட்டுப்போகும். அப்போது அழுதுகொண்டு உட்காராதே. விட்ட அதிகாரத்திலிருந்து வாசி. பேதுரு மூன்று முறை மறுதலித்தவன். அவனைத்தான் ஆண்டவர் கடற்கரையில் உட்காரவைத்து, ஆட்டுமந்தையை அவன் கையில் கொடுத்தார். விழுந்ததை அவர் எண்ணிக்கொண்டிருந்தால் சபைக்கு ஒரு மேய்ப்பனும் கிடைத்திருக்கமாட்டான்.

உனக்குத் தகுதி உண்டா என்ற விசாரணையை இன்றோடு மூடு. உணர்ச்சி வரும், போகும். அதை உன் எஜமானாக்காதே. நாளைக்கு எழும்போது ஜெபிக்கத் தோன்றாது, வேதம் கனக்கும், படுக்கை இழுக்கும். அந்தக் காலைதான் உன் விசுவாசத்தின் முதல் வேலைநாள். எழுந்திரு, வேலைக்கு வா!